மாங்கொட்டை ஊதலில் பிறந்த சினிமா

பீகாரில் கங்கைக் கரையோரம் பாகல்பூர் என்று ஓர் ஊர். 1920-களில் அங்கே கல்கத்தா பணக்காரக் குடும்பம் ஒன்றுக்குப் பெரிய எஸ்டேட் இருந்தது. எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம் அல்ல. காடும் மேடுமாகக் கிடந்த நிலம். அதைக் குடியானவர்களுக்குப் பிரித்து விடுவதும், குத்தகைக் கணக்குப் பார்ப்பதும் உதவி மானேஜரின் வேலை. அந்த உதவி மானேஜர் ஒரு வங்காளி. மனைவியை இழந்தவர். பேசத் துணை இல்லாதவர். பகலெல்லாம் கணக்குப் புத்தகம், இரவில் அரிக்கேன் விளக்கு. அந்த விளக்கு வெளிச்சத்தில் அவர் இன்னொரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

என்ன எழுதினார்? கண்ணெதிரே இருந்த காட்டைப் பற்றியா? அதுதான் இல்லை. பல மைல்களுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த தம்முடைய கிராமத்தைப் பற்றி எழுதினார். மூங்கில் புதர், குளத்துப் பாசி, இடிந்த சுவர், வறுமையிலும் வாய் ஓயாத கிழவி, புராணக் கதை சொல்லிப் பிழைக்கும் தகப்பனார். எல்லாம் சிறு வயதில் பார்த்தவை. அவருடைய சொந்தத் தகப்பனாரும் கதாகாலட்சேபம் செய்து குடும்பத்தை நடத்தியவர்தான். சில நாள் அடுப்பு எரியும். சில நாள் எரியாது.

அந்த மனிதரின் பெயர் விபூதிபூஷண் பந்தோபாத்யாயர். 1894-இல் பிறந்தவர். அவர் எழுதிய நாவலின் பெயர் ‘பதேர் பாஞ்சாலி’. ‘பாதையின் பாட்டு’ என்று சொல்லலாம். அப்பு என்ற சிறுவனும், துர்கா என்ற அவன் அக்காவும் அந்த நாவலின் உயிர். இந்தியாவில் கதை படிக்கிற பழக்கம் உள்ள எவருக்கும் இந்த இரண்டு பெயர்களையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. முதலில் எழுதி முடித்தபோது நாவலில் துர்காவே கிடையாது! பாகல்பூரில் ஒருநாள் விபூதிபூஷண் ஒரு சிறுமியைப் பார்த்தார். எண்ணெய் காணாத தலை. காற்றில் பறக்கும் கூந்தல். கண்ணிலே ஏதோ ஒரு சோகம். யார் வீட்டுப் பெண்ணோ, பெயர் என்னவோ. ஒரு நிமிஷம் பார்த்ததோடு சரி. ஆனால் அந்த முகம் அவரை விடவில்லை. இந்தப் பெண் இல்லாமல் கதை நிறைவு பெறாது என்று தோன்றிவிட்டது. கையெழுத்துப் பிரதியை ஒதுக்கி வைத்துவிட்டு, அப்புவுக்கு ஓர் அக்காவைக் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து எழுதினார். வங்காள இலக்கிய வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி இது. சில நூறு பக்கம் எழுதி முடித்தவர் அதைத் தள்ளி வைப்பதென்றால் அது லேசான காரியமா? எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

நாவல் 1928-இல் ‘விசித்ரா’ என்ற வங்காள மாதப் பத்திரிகையில் தொடர்கதையாக வர ஆரம்பித்தது. 1929-இல் புத்தகமாயிற்று.

பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. விபூதிபூஷண் காட்டு வேலையை விட்டுக் கல்கத்தாவுக்குத் திரும்பிப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். டிராம் சத்தத்துக்கு நடுவே குடியிருந்தபோது என்ன எழுதினார் தெரியுமா? பாகல்பூர்க் காட்டை! ‘ஆரண்யக்’ என்ற அந்த நாவல் 1939-இல் வெளிவந்தது. தமிழில் அதை ‘வனவாசி’ என்ற பெயரில் த.நா. சேனாபதி மொழிபெயர்த்திருக்கிறார். காட்டில் இருக்கும்போது கிராமம். நகரத்தில் இருக்கும்போது காடு. கண்ணுக்கு முன்னால் இருப்பது கதையாக மாறுவதற்குக் கொஞ்சம் தூரமும் கொஞ்சம் காலமும் தேவைப்படுகிறது போலும். மாதுங்காவிலோ மல்லேஸ்வரத்திலோ மாடிப் போர்ஷனில் குடியிருந்துகொண்டு, ஊர்க் குளத்துப் படிக்கட்டில் எத்தனை படி என்று நினைவிலே எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

அச்சு மை வாசனை

இது கதையின் ஒரு பாதி. மறு பாதி ஒரு சித்திரக்காரரைப் பற்றியது.

கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி என்று ஒருவர் இருந்தார். குழந்தைகளுக்குக் கதை எழுதுவார். தாமே படம் போடுவார். அந்தப் படத்தை அச்சடிக்கத் தாமே பிளாக்கும் செய்வார். பிளாக் தயாரிப்பதில் அவர் கண்ட நுட்பங்களைப் பற்றி இங்கிலாந்துப் பத்திரிகைகளில் கட்டுரை எழுதும் அளவுக்குத் தொழில் தெரிந்தவர். 1913-இல் ‘சந்தேஷ்’ என்ற குழந்தைப் பத்திரிகையைத் தொடங்கினார். சந்தேஷ் என்றால் செய்தி என்றும் பொருள். வங்காளிகள் விரும்பிச் சாப்பிடும் பால் இனிப்புக்கும் அதுதான் பெயர்! அவருக்குப் பின் மகன் சுகுமார் ராய் பத்திரிகையை நடத்தினார். சுகுமாருடைய வேடிக்கைப் பாட்டுகளை மனப்பாடமாகச் சொல்லாத வங்காளிக் குழந்தை அபூர்வம்.

சுகுமார் ராய் 1923-இல் காலமானார். அவருக்கு அப்போது 35 வயதுதான். குழந்தைக்கு இரண்டரை வயதுகூட நிரம்பவில்லை. அந்தக் குழந்தைதான் சத்யஜித் ராய்.

அச்சகம் நொடித்துப் போயிற்று. வீடு கைவிட்டுப் போயிற்று. தாயார் சுப்ரபா, பையனை அழைத்துக்கொண்டு பவானிப்பூரில் இருந்த தம் சகோதரர் வீட்டுக்குக் குடிபோனார். விதவைப் பெண்களுக்கான ஒரு பள்ளியில் தையலும் கைவேலையும் கற்றுக்கொடுத்துச் சம்பாதித்தார். அண்ணன் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டு பிள்ளையை வளர்ப்பது எப்படி என்று எத்தனையோ தாய்மார்களுக்குத் தெரியும்.

ஆனால் பையனின் மூக்கில் அச்சகத்தின் வாசனை தங்கிவிட்டது. மிகச் சிறிய பிள்ளையாக இருந்தபோது அவன் அச்சகத்துக்குள் போவான். ஒரு காகிதத்தில் கோணல்மாணலாக எதையோ கிறுக்கி, அங்கே வேலை செய்த ஒருவரிடம் கொடுத்து, ‘இது சந்தேஷுக்கு’ என்பான். அவரும் ‘ஆகட்டும்’ என்று தலையை ஆட்டி வாங்கி வைத்துக்கொள்வாராம். டர்பன்டைன் வாசனை எங்கே வந்தாலும் அந்த அச்சகம்தான் நினைவுக்கு வரும் என்று பின்னாளில் ராய் எழுதினார்.

அவர் எழுதிய பால்ய நினைவுகளில் இன்னொன்றும் உண்டு. சினிமா ரசிகர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாமா வீட்டில் வெயில் நேரத்தில் படுக்கையறைக் கதவு சன்னல்களை எல்லாம் மூடிவிடுவார்கள். அறை இருட்டாகிவிடும். ஏதாவது ஓர் இடுக்கின் வழியாக மட்டும் வெளிச்சம் உள்ளே வரும். அந்த வெளிச்சம் சுவரில் விழும்போது வெளியே தெருவில் போகிற வண்டி, சைக்கிள், மனிதர்கள் எல்லாம் தலைகீழாகச் சுவரில் நகருவார்கள்! பையன் படுத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். காசு கொடுக்காமல் பார்த்த முதல் பயாஸ்கோப். காமிரா வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான்.

அடியிலிருந்து மேலே

சத்யஜித் சிறு பையனாக இருந்தபோது தாயாருடன் சாந்திநிகேதனத்துக்குப் போயிருந்தார். கையெழுத்து வாங்க ஒரு சிறிய நோட்டை ரவீந்திரநாத் தாகூரிடம் நீட்டினார். தாகூர் மறுநாள் அதில் எட்டு வரிக் கவிதை ஒன்று எழுதிக் கொடுத்தார். உலகமெல்லாம் பணம் செலவழித்துச் சுற்றிப் பார்த்தவன், தன் வீட்டு வாசலிலிருந்து இரண்டடி தூரத்தில் நெற்கதிரின் மேல் இருக்கும் பனித்துளியைப் பார்க்கத் தவறிவிட்டான் என்பது அதன் சாரம். ‘பெரியவன் ஆனதும் இதன் அர்த்தம் புரியும்’ என்ற கருத்தில் தாயாரிடமும் சொன்னாராம்.

1940-இல், பி.ஏ. படித்து முடித்த ராய், தாயாரின் வற்புறுத்தலால் அதே சாந்திநிகேதனத்துக்கு ஓவியம் கற்கப் போனார். அவருக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. நகரத்துப் பிள்ளை, சினிமாவும் மேல்நாட்டுச் சங்கீதத் தட்டுகளும்தான் பிடிக்கும். அங்கே ஆசிரியராக இருந்தவர் நந்தலால் போஸ். மரம் வரைந்துகொண்டிருந்த மாணவனைப் பார்த்து அவர் சொன்ன பாடம் பிரசித்தமானது. மரத்தை உச்சியிலிருந்து கீழே வரையாதே. மரம் கீழிருந்துதானே வளருகிறது? உன் கோடும் அடியிலிருந்து மேலே போகட்டும்! இதைக் கேட்டால் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பிற்காலத்தில் ராய் எடுத்த படங்களில் ஒரு பாத்திரம் அழுவதற்கு முன்னால் அந்த வீட்டின் பாத்திரம் பண்டம், கிழிந்த போர்வை எல்லாவற்றையும் காட்டிவிடுகிறாரே, அந்த வித்தைக்கு இந்த மரத்தில்தான் வேர் இருக்கிறது.

மாணவர்களாக இருந்தபோதே நண்பர்களுடன் அஜந்தா, எல்லோரா முதலிய இடங்களுக்குப் போய்ச் சித்திரங்களையும் சிற்பங்களையும் பார்த்து வந்தார். படிப்பை முழுதும் முடிக்கவில்லை. 1942 டிசம்பரில் ஜப்பானியர் கல்கத்தாவில் குண்டு போட்டார்கள். ராய் ஊர் திரும்பிவிட்டார். குடும்பத்துக்குச் சம்பாத்தியம் வேண்டுமே!

சம்பளம் 80 ரூபாய்

1943-இல் டி.ஜே. கீமர் என்ற வெள்ளைக்கார விளம்பரக் கம்பெனியில் ராய் வேலைக்குச் சேர்ந்தார். விளம்பரங்களுக்குப் படம் போடும் வேலை. மாதம் 80 ரூபாய். பிஸ்கட்டுக்கும் தேயிலைக்கும் படம் போட்டால் யாருக்குத்தான் மனம் நிறையும்?

நல்ல வேளையாக அதே கம்பெனியில் வேலை பார்த்த டி.கே. குப்தா என்பவர் ‘சிக்னெட் பிரஸ்’ என்ற புத்தகக் கம்பெனியைத் தொடங்கினார். அட்டைப் படம், உள்படம், எழுத்து அமைப்பு எல்லாவற்றையும் ராயிடம் ஒப்படைத்தார். ஜவாஹர்லால் நேரு எழுதிய ‘டிஸ்கவரி ஆஃப் இண்டியா’வின் முதல் பதிப்புக்கு 1946-இல் அட்டை போட்டவர் ராய்தான். வேட்டைக்கார ஜிம் கார்பெட்டின் புத்தகத்துக்கு அவர் போட்ட அட்டை ஒரு தமாஷ். முன் அட்டையும் பின் அட்டையும் புலித்தோல். முன்பக்கம் குண்டு நுழைந்த சிறிய துவாரம். பின்பக்கம் அதே குண்டு வெளியேறிய பெரிய துவாரம்!

அந்தக் கம்பெனி ‘பதேர் பாஞ்சாலி’யைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட நினைத்தது. சுருக்கத்துக்கு வைத்த பெயர் ‘ஆம் ஆந்திர் பேம்பு’. மாங்கொட்டை ஊதல் என்று அர்த்தம். முளைவிட்ட மாங்கொட்டையை எடுத்து, ஓட்டை நீக்கி, பருப்பைக் கல்லில் தேய்த்து வாயில் வைத்து ஊதினால் ‘பீ’ என்று கத்துமே, அதே பொருள்தான். தஞ்சாவூர்ப் பையனும் தேய்த்திருக்கிறான். வங்காளத்து அப்புவும் தேய்த்திருக்கிறான். படம் போடும் வேலை 1944 வாக்கில் ராயிடம் வந்தது.

இங்கேதான் முக்கியமான கட்டம். ராய்க்குக் கிராமம் தெரியாது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் கல்கத்தா. ஆனால் படம் போட உட்கார்ந்தால் சும்மா ‘ஒரு கிராமத்து வீடு’ என்று மொத்தமாகப் போட்டுவிட முடியாது. படிக்கிறவன் வரிக்கு வரி ஓடிப்போய்விடலாம். வரைகிறவன் நின்றுதான் ஆகவேண்டும். கிழவி எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள்? கதவு எத்தனை உயரம்? அப்புவின் தலைமயிர் படிந்திருக்குமா, சிலிர்த்திருக்குமா? பென்சில் இந்தக் கேள்விகளை எல்லாம் கேட்கும். பதில் சொல்லச் சொல்ல, விபூதிபூஷணின் ஞாபகத்தில் இருந்த கிராமம் மெல்ல மெல்ல ராயின் கைக்கு மாறியது. இதை வைத்து நல்ல சினிமா எடுக்கலாம் என்று குப்தாவும் சொன்னார். அந்த வார்த்தை மனதில் விழுந்துவிட்டது.

1950-இல் கம்பெனி ராயை லண்டன் ஆபீசுக்குச் சில மாதங்கள் அனுப்பியது. கப்பல் பிரயாணம். லண்டனில் இருந்த நாட்களில் சுமார் நூறு சினிமாக்களைப் பார்த்துத் தீர்த்தார். அவற்றில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ என்ற இத்தாலியப் படம் அவரைப் பிடித்து ஆட்டியது. சைக்கிளைப் பறிகொடுத்த ஓர் ஏழைத் தொழிலாளியின் கதை. நட்சத்திரங்கள் இல்லை, ஸ்டூடியோ ஜோடனை இல்லை, தெருவிலே போய் எடுத்த படம். இப்படி எடுக்க முடியும் என்றால் அப்புவையும் எடுக்க முடியும்! திரும்பி வரும் கப்பலிலேயே படத்துக்கான குறிப்புகளை எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஆண்டு நவம்பரில் விபூதிபூஷண் காலமானார். தம்முடைய அப்புவும் துர்காவும் திரையில் ஓடுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவருடைய மனைவியிடம் போய்த்தான் ராய் அனுமதி பெற்றார். (முதல் மனைவி இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு விபூதிபூஷண் மறுமணம் செய்துகொண்டிருந்தார்.)

மாடு மேய்ந்த பூ

வழக்கமான முறையில் ராய் சினிமாக் கதை எழுதவில்லை. ஒரு நோட்டில் காட்சி காட்சியாகப் படம் வரைந்தார். பக்கத்தில் சில குறிப்புகள். அவ்வளவுதான். சிறுவர் புத்தகத்துக்கு வரைந்தவற்றில் பல, இந்த நோட்டில் சினிமாக் காட்சிகளாக உருமாறின. நோட்டைத் தூக்கிக்கொண்டு படாதிபதிகளின் படியேறினார். பாட்டு எங்கே, டான்ஸ் எங்கே, காதல் எங்கே என்று கேட்டார்கள். படம் காட்டிக் கதை சொல்லும் டைரக்டரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. கையை விரித்துவிட்டார்கள்.

ராய் இன்சூரன்ஸ் பாலிசியைப் பணமாக்கினார். நண்பர்களிடம் கடன் வாங்கினார். 1952 அக்டோபர் 27-ஆம் தேதி பால்சித் என்ற ஊருக்கு அருகில் முதல் படப்பிடிப்பு. காமிராக்காரர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போதுதான் 22 வயது முடிந்திருந்தது. சினிமா காமிராவை அதற்கு முன் இயக்கியதே இல்லை. டைரக்டரும் புதிது. நடித்த பையனும் புதிது. ஆபீசுக்கு லீவு கிடைக்கிற நாட்களில், அதாவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் படப்பிடிப்பு!

‘காஷ்’ என்ற நாணல் அங்கே வெளியெல்லாம் மண்டிக் கிடக்கும். சரத் காலத்தில் வெள்ளை வெளேர் என்று பூக்கும். அப்புவும் துர்காவும் அந்தப் பூங்காட்டுக்குள் ரயிலைத் தேடி ஓடுகிற காட்சியைத்தான் முதலில் எடுத்தார்கள். பாதி முடிந்தது. மீதியை அடுத்த வாரம் எடுக்கலாம் என்று ஊர் திரும்பினார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூவைக் காணோம். மாடுகள் மொத்தத்தையும் மேய்ந்துவிட்டன! மறுபடி பூப்பதற்கு ஓர் ஆண்டு காத்திருந்தார்கள். காட்சி எடுத்து முடிந்தது மறு வருஷம்தான். திரையில் பார்க்கும்போது ஒட்டுப் போட்டது தெரியவே தெரியாது.

இந்த ரயில் காட்சியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நாவலில் துர்கா ரயிலைப் பார்க்காமலே செத்துப் போகிறாள். உடம்பு குணமானதும் ரயிலைக் காட்டுகிறாயா என்று தம்பியிடம் கேட்பாள், அது நடக்காது. ராய் இதைக் கொஞ்சம் மாற்றினார். படத்தில் ரயில் வருகிறது. அப்பு தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றுவிடுகிறான். துர்கா வழியில் தடுக்கி விழுந்து பின்தங்கிவிடுகிறாள். அக்காவுக்கு அகப்படாதது தம்பிக்குக் கிடைக்கிறது. எழுத்தாளர் ஒரு கேள்வியில் சொன்னதைச் சித்திரக்காரர் ஒரு தடுக்கலில் சொல்லிவிட்டார். மூலத்தை மாற்றினால் கோபித்துக்கொள்கிற ரசிகர்கள் உண்டு. இந்த மாற்றத்தை அவர்களும் மன்னிக்கலாம்.

பணம் தீர்ந்தது. படப்பிடிப்பு நின்றது. ராய் தம்முடைய ஓவியப் புத்தகங்களையும் சங்கீதத் தட்டுகளையும் விற்றார். மனைவி விஜயாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. மாதக் கணக்கில் வேலை நின்று கிடந்தபோது அவருக்கு மூன்று கவலைகள். அப்புவாக நடித்த பையனின் குரல் உடைந்துவிட்டால்? துர்காவாக நடித்த பெண் வளர்ந்துவிட்டால்? கிழவியாக நடித்த சுனிபாலா தேவி கண்ணை மூடிவிட்டால்? அந்த அம்மாளுக்கு ஏறக்குறைய 80 வயது. மூன்றும் நடக்கவில்லை. அதை அதிசயம் என்றே ராய் சொல்லி வந்தார்.

கடைசியில் தாயாருக்குத் தெரிந்தவர்கள் மூலம் விஷயம் மேற்கு வங்காள முதன்மந்திரி டாக்டர் பி.சி. ராயிடம் போயிற்று. (பெயர்தான் ஒன்று, உறவில்லை.) சர்க்கார் பணம் கொடுத்தது. எந்தக் கணக்கில் எழுதுவது? படத்தின் பெயரில் ‘பாதை’ இருக்கிறதே என்று சாலை அபிவிருத்திக் கணக்கில் எழுதிவிட்டார்களாம்! ஆபீஸ் பைல்களோடு பழகியவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

1955 மே மாதம் நியூயார்க்கில் உள்ள நவீன கலைக் கூடத்தில் படம் முதலில் காட்டப்பட்டது. ஆகஸ்டு 26-ஆம் தேதி கல்கத்தாவில் வெளியாயிற்று. முதல் சில நாட்கள் கூட்டம் சுமார். பிறகு தியேட்டர் நிரம்பி வழிந்தது. அந்த ஆண்டின் சிறந்த இந்தியப் படத்துக்கான ஜனாதிபதி தங்கப் பதக்கம் கிடைத்தது. 1956-இல் பிரான்சில் கான் பட விழாவிலும் பரிசு பெற்றது. படம் முடியும்வரை ராய் விளம்பரக் கம்பெனி வேலையை விடவில்லை.

சித்திரம் வரையும் பையன்

பின்னால் புகழ் வந்தது, வசதி வந்தது. ஆனாலும் அவர் வேலை செய்த விதம் மாறவில்லை. தாத்தா ‘சந்தேஷி’ல் தாமே படம் போட்டு எழுதிய ‘கூப்பியும் பாகாவும்’ கதையை 1969-இல் படமாக்கினார். பிள்ளைகள் பார்க்க ஒரு படம் எடுக்கக் கூடாதா என்று அவருடைய மகன் கேட்டதுதான் காரணம். அதற்காக ராஜஸ்தானத்தில் ஜெய்சல்மேருக்குப் போனார்கள். அங்கே மஞ்சள் கல்லில் கட்டிய கோட்டை. 1156-இல் எழுப்பியது. வெயில் பட்டால் தங்கம் போல ஜொலிக்கும். உள்ளே இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அந்தத் தங்க நிறம் ராயின் கண்ணில் ஒட்டிக்கொண்டது.

1971-இல் அது கதையாக வெளிவந்தது. பெயர் ‘சோனார் கெல்லா’, தங்கக் கோட்டை. கல்கத்தாவில் ஒரு சின்னப் பையன். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொண்டு படம் வரைகிறான். கோட்டை, மயில், ஒட்டகம். இதையெல்லாம் எங்கே பார்த்தாய் என்றால், போன ஜன்மத்தில் என்கிறான்! அந்தப் படங்களை வைத்துக்கொண்டு கோட்டையைத் தேடுகிறார்கள். புதையலுக்கு ஆசைப்பட்ட திருடர்கள் பின்தொடருகிறார்கள். துப்பறியும் கதைதான். 1974-இல் ராய் அதையே சினிமாவாக எடுத்தார். அதன் பிறகு ஜெய்சல்மேருக்கு வங்காளிகள் கூட்டம் கூட்டமாகப் போக ஆரம்பித்தார்கள். ஜன்மாந்தர ஞாபகத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பையனின் கையில் பென்சிலைக் கொடுத்தது மட்டும் ராயின் சொந்த ஞாபகம் என்று நம்பலாம். ‘இது சந்தேஷுக்கு’ என்று நீட்டிய அதே கைதானே!

தமிழர்களுக்குச் சம்பந்தப்பட்ட சங்கதியும் ஒன்று இருக்கிறது. 1935-இல் கல்கத்தாவில் ஒரு பரதநாட்டியக் கச்சேரி. ஆடியவர் சென்னையிலிருந்து வந்திருந்த பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி. அப்போது அவருக்கு 17 வயது இருக்கும். கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களில் சுமார் 14 வயதுப் பையன் சத்யஜித்தும் ஒருவன். பாஷை தெரியாது, அபிநயம் புரிந்ததோ என்னவோ. ஆனால் பார்த்தது மறக்கவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1976-இல் ராய் ‘பாலா’ என்ற அரை மணி நேர டாக்குமெண்டரி எடுத்தார். பம்பாயில் உள்ள நாட்டியம் சங்கீதத்துக்கான தேசிய நிலையமும், தமிழ்நாடு அரசும் அதற்கு உதவின. பாலாவுக்கு அப்போது 58 வயது. உடம்பு தளர்ந்திருந்தது. படத்தில் அவருக்கு மேடை இல்லை, திரைச்சீலை இல்லை. கடற்கரையில் நிற்க வைத்து ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ பதத்துக்கு ஆடச் சொன்னார்கள். கன்னட பதம், ஆடுகிறவர் தமிழச்சி, படம் எடுக்கிறவர் வங்காளி.

கடற்காற்று புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. பாலா ஒரு கையால் அதைச் சமாளித்தபடி, மறு கையால் குழந்தைக் கிருஷ்ணனைக் கூப்பிடுகிறார். ராய் காமிராவை நிறுத்தவில்லை.